துரையின் காதில் ஒரு சொட்டு இரத்தம்

கோலா கெத்தில்,
21 மார்ச் 1985, வியாழக்கிழமை

அன்பு மகள் ஜேனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், நீ அங்கே அந்தக் குளிரிலும் ராத்திரி டியூட்டியிலும் தலைவலி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் திரு இருதயப் படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவதாக எழுதியிருக்கிறாய், நோயாளிகளுக்கு மட்டும் வேளாவேளைக்குக் கொடுத்தால் போதுமா, உன் வயிறு யாருடைய வயிறு. இங்கே வெயில் கொளுத்துகிறது, ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது, காற்றடித்தால் வீடெல்லாம் சருகு, ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டுகிறேன். தவக்காலம் நடப்பதால் வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப் பாதைக்குப் போகிறோம். இவ்வளவும் நல்ல சேதி. இனி எழுதப்போவதுதான் என்னை ஒரு வாரமாக உட்காரவிடாமலும் நிற்கவிடாமலும் ஆட்டிவைக்கிற சேதி. உன் பூனை துரைக்குச் சர்க்கரை வியாதி என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். வருகிற திங்கட்கிழமை காலையில் அதற்கு இன்சுலின் ஊசி போடப்போகிறார். போடப்போவது டாக்டர் இல்லை, உன் அப்பா, தன் கையால். கூடவே இருந்து பார்க்கிற எனக்கு எப்படி இருக்கும் பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாசி பிறந்ததிலிருந்தே துரை தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் கிண்ணத்தை நிரப்பி நிரப்பி என் கை ஓய்ந்துபோனது, போதாததற்குக் குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடிக்கும், கொல்லைப்புற மண்ணில் ஓயாமல் ஒன்றுக்குப் போகும். உடம்பும் கொஞ்சம் இளைத்தமாதிரி இருந்தது. ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிற அப்பாதான் இதைக் கவனித்து எனக்குச் சொன்னார், நான் மூன்று தரம் எழுந்தேன் கேதரின், மூன்று தரமும் அது கிண்ணத்துகிட்டதான் நிக்குது என்றார். நீ அதைத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காய்கிற புகைக்கூண்டுக்குப் பின்னால் கோணிச் சாக்குக்குள்ளிருந்து எடுத்துவந்து, ஆபீஸ் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றதால் துரை என்று பேர் வைத்தாயே, அன்றைக்கு அதைக் கிட்டே சேர்க்காத மனிதர், நீ இங்கிலாந்துக்குப் போன இந்த நான்கு வருஷத்தில் எப்படி மாறிவிட்டார் தெரியுமா. தோட்டத்து ஆபீசில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்து வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கைகட்டி நின்றவர், இப்போது நாலுகால் துரைக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மடியில் மட்டும் வைத்துக்கொள்ளமாட்டார், வேட்டியில் ரோமம் ஒட்டுமாம்.

சரி, மருந்து பார்க்கவேண்டும் என்று மூங்கில் கூடையில் அதை அடைத்து, மேலே பழைய கைலிச் சாரம் போட்டுக் கட்டி, சுங்கை பட்டாணிக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் அது கத்திய கத்தலில் கண்டக்டர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனான். மிருக டாக்டர் சின்ன வயசுக்காரர், மலாய்க்காரர், பொறுமையானவர். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கூடுதலாகத்தான் இருக்கிறது, கென்சிங் மானிஸ், அதாவது சர்க்கரை வியாதியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வீட்டில் அமைதியாக இருக்கும்போது இரண்டு வாரம் சோதித்துப் பாருங்கள், பிறகு திரும்ப வாருங்கள், பேசி முடிவெடுக்கலாம் என்று சொன்னார். அதையே ஒரு காகிதத்தில் எழுதி முத்திரைச் சாப்பு குத்திக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை. உன் அப்பாவுக்குச் சாப்பு குத்திய காகிதம் என்றால் வேதவாக்கு. தோட்டத்தில் இவர் சாப்பு குத்தியதை யாரும் மறுத்துப் பேசியதில்லை அல்லவா, அந்தப் பழக்கம். காகிதத்தில் இருக்கலாம் என்று எழுதியிருப்பதை நான் விரல் வைத்துக் காட்டினேன், அதெல்லாம் ஆபீஸ் மரியாதைக்கு எழுதுறது, நெசத்தை அப்படித்தான் எழுதுவாங்க என்கிறார். இரண்டு வாரம் காத்திருந்தால் துரை செத்துவிடும் என்று அவருக்கு மனசில் பட்டுவிட்டது.

இன்சுலினுக்கு எங்கே போனார் என்றால், வேறெங்கே, சாப்பாட்டுக் கடை ஷம்சுதீன் பாயிடம். பாய் ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் தானே தனக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், மருந்துப் புட்டி கடை ஐஸ்பெட்டியில் சோடாப் புட்டிகளுக்கு நடுவில் இருக்கும். மனுசனுக்குத்தாங்க எனக்குத் தெரியும், பூனைக்கு அளவு எப்படிக் கிராணி சொல்றது என்று பாய் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இவர் கேட்பாரா. பாசாரில் கோழி நிறுக்கிற தராசில் துரையை நிறுத்து, பாய் எத்தனை கிலோ, பூனை எத்தனை கிலோ, பாய்க்கு எவ்வளவு மருந்து, பூனைக்கு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டு, கீழே கோடும் இழுத்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை பாய் கடைக்கு விடுமுறை, அன்று வந்து கை பிடித்துக் காட்டித் தருவதாக ஏற்பாடு. நான் பாயின் மனைவி ஹமீதாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், சர்க்கரை இல்லாத உடம்பில் இந்த ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று. அவள் முகம் மாறிவிட்டது. அவுக ஒருநாள் ஊசி போட்டுட்டுச் சாப்பிட மறந்து சுருண்டு விழுந்தாக, சர்க்கரை இருக்கிற ஒடம்புக்கே அப்படின்னா, இல்லாத ஒடம்பு எந்திரிக்காதுக்கா என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஜேன். இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் விஷம். எது என்று திங்கட்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

இங்கே உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும், கோபப்படாதே. ஜனவரியில் கிளினிக்கில் அப்பாவுக்குச் சர்க்கரை ஏழுக்குள் இருக்கவேண்டியது பதினான்கு என்று சொன்னார்கள் அல்லவா, நீயும் பதறிப்போய் இரத்தம் தொட்டுப் பார்க்கிற அந்தப் பட்டைகளை ஒரு புட்டி அனுப்பினாயே. அதில் ஒன்றைக்கூட அவர் தன் விரலில் வைக்கவில்லை. கிளினிக் வரைக்கும் வெயிலில் நடந்து போனதாலும், அங்கே அந்த நர்ஸ் அதட்டியதாலும் ஏறிவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை, மாத்திரையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று புட்டியை அலமாரியில் என் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். ஊசி முனை என்றால் உன் அப்பாவுக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாதா, அம்மை ஊசிக்குப் பயந்து புகைக்கூண்டில் ஒளிந்தவர். இப்போது பூனைக்கு என்றதும் அந்தப் புட்டி வெளியே வந்துவிட்டது. பாய் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு பட்டையையும் கத்தரிக்கோலால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சோதனை நடக்கிறது. ஊருக்கு உபதேசம், தனக்கில்லை.

சோதனை எப்படி என்று கேள். பக்கத்து வீட்டு ராமையா கால்களைப் பிடிக்க, அப்பா துரையைக் கோணிச் சாக்கில் சுருட்டித் தலையை மட்டும் வெளியே வைத்து, ஹமீதா சொன்னபடி காது ஓரத்தில் ஊசியால் குத்துவார். அது அலறுகிற அலறலுக்குத் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துகிறார்கள். ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் வைத்ததும் ஒரு நிமிடம், பிறகு பஞ்சால் துடைத்து இன்னொரு நிமிடம், அதன் பிறகு புட்டியில் எண் போட்டு ஒட்டியிருக்கிற வண்ணத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும், வெளிறி இருந்தால் நல்லது, நீலம் கறுக்கக் கறுக்கச் சர்க்கரை கூடுதல் என்று நீதானே எழுதியிருந்தாய். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் கிடையாது, கம்பெனி கொடுத்த அப்பாவின் கைக்கடிகாரம் தீபாவளிக்கு முன்பே நின்றுபோனது. அதனால் நான்கு அருள் நிறை மந்திரம் சொன்னால் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அப்பா மந்திரம் சொல்லிப் பார்த்தால் துரைக்குச் சர்க்கரை பதின்மூன்று, சில நாள் அதற்கும் மேலே. நான் என்ன செய்தேன் என்றால், மத்தியானம் நான் ஜெபமாலை சொல்லும்போது துரை என் மடியில் வந்து தூங்கும் பார், அப்போது வெந்நீரில் நனைத்த துணியால் காதைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரே குத்து, அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் மந்திரம் சொல்லிப் பார்த்தால் ஏழு, ஆறு. இதை அப்பாவிடம் காட்டினேன், வந்ததே கோபம். நீதான் கோயில்ல எல்லாருக்கும் முன்னாடி மந்திரத்த முழுங்கி முடிக்கிறவளாச்சே, நீ சொல்ற நாலு மந்திரம் அரை நிமிசம்தான், சாயம் ஏறுறதுக்குள்ள தொடைச்சிட்டு வெளுப்பா இருக்குன்னா எப்படி என்றார். நான் விடுவேனா. நீங்க ஒவ்வொரு எழுத்தா லெட்ஜர்ல எழுதற மாதிரி சொல்றீங்க, அதுக்குள்ள பட்டையே கறுத்துப் போவுது என்றேன். மந்திரம் வேகமா மெதுவா என்று இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உன் தாய் தகப்பன் முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் மாதா மந்திரத்துக்கு மல்லுக்கட்டியது இதுதான் முதல் தடவை. பேனாவில் மை தீர்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து வந்து எழுதுகிறேன், எழுத உட்கார்ந்தால் கை எழுதுகிறது, காது மட்டும் அந்தக் கோணிச் சாக்கு எங்கே கிடக்கிறது என்று தேடுகிறது. கோயிலில் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். அக்னஸ் டீச்சர் தன் மகனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன். உனக்கு விருப்பமானால் எழுது, இல்லாவிட்டால் விடு, கட்டாயம் ஒன்றுமில்லை. அப்பா ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஆள் இளைத்துத்தான் போயிருக்கிறார், இடுப்புப் பெல்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறார், பூனை பின்னால் ஓடியே இப்படி ஆகிவிட்டார் என்று ராமையாவின் மனைவி காளியம்மாகூடச் சொன்னாள். காளியம்மா என்றதும் நினைவு வருகிறது. துரை ஏன் இப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதற்கு ஒரு காரணத்தை இன்று கண்ணால் பார்த்தேன். வெயில் காலம் என்பதால் அவள் கொட்டகைத் தகரத்தின் மேல் உப்புக் கருவாடு காயப்போடுகிறாள், நம் துரை மாமரத்தின் வழியாக ஏறி அங்கே உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறது, எத்தனை நாளாக நடக்கிறதோ. வீட்டில் வைக்கிற சோற்றைத் தொடாததற்கும் உடம்பு இளைத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் அல்லவா. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். காளியம்மா கருவாட்டுக்கும் சாப்பு குத்தின காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. இன்று காலையில் எழுந்ததும் நேராக ஷம்சுதீன் பாய் கடைக்குப் போய், அண்ணே உங்க கைக்கடிகாரத்த ரெண்டு நாளைக்கு எனக்குக் குடுங்க, ஏன்னு கேக்காதீங்க என்று வாங்கிவந்துவிட்டேன். நொடி முள் டக்டக்கென்று ஓடுகிற கடிகாரம். மந்திரத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை மேசையில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். முதலில் நான், மடியில் தூங்கும்போது, நொடி பிசகாமல், அப்பா கண்ணெதிரே. ஆறு. அரை மணி கழித்து அப்பா, ராமையாவும் சாக்குமாக, அதே கடிகாரம், அதே புட்டி. பதின்மூன்று, பதினேழு இரண்டுக்கும் நடுவில். மந்திரத்தில் குற்றமில்லை என்று ஆகிவிட்டது, அப்படியானால் குற்றம் எதில். அப்பா உடனே பட்டை கெட்டுப்போச்சு, இங்கிலாந்திலேருந்து கப்பல்ல வரும்போதே வேர்த்திருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அடுப்படியில் போய் வெங்காயம் உரித்தேன், உரிக்கும்போதுதான் உன் பழைய கடிதம் ஒன்று மனசில் வந்து நின்றது. நீ சேர்ந்த புதிதில் எழுதினாயே, இங்கே சில பேருக்கு டாக்டரைக் கண்டதுமே இரத்த அழுத்தம் ஏறிவிடும் அம்மா, அதனால் கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து அதன் பிறகுதான் பார்ப்போம் என்று. எழுந்து போய் பிஸ்கட் டின்னிலிருந்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பயந்தால் அழுத்தம் ஏறுமென்றால் சர்க்கரை ஏறாதா. சாக்கில் சுருட்டும்போது அது செத்துப் பிழைக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூடைக்குள் கத்தியது. அந்த டாக்டரும் வீட்டில் அமைதியாக இருக்கும்போது பாருங்கள் என்றுதானே சொன்னார், அமைதி என்ற வார்த்தை நம் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லையே. நீ நர்ஸ், எனக்கு எழுது, பயந்தால் சர்க்கரை ஏறுமா ஏறாதா. உன் பதில் வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும், அதனால் நானே முடிவு செய்துகொண்டேன். நாளைக்குப் பூசை முடிந்ததும் அப்பாவைத் துரையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லப்போகிறேன். மாட்டேன் என்றால் ஊசியை எடுத்துக் கிணற்றில் போட்டுவிடுவேன் என்றும் சொல்லப்போகிறேன்.

ஞாயிறு சாயங்காலம். ஜேன், நிதானமாகப் படி. நான் நிதானமாக இல்லை.

பூசையிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். வேட்டியில் ரோமம் என்று ஆரம்பித்தார். என் பழைய புடவையை மடித்து அவர் மடியில் விரித்து, என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, என் ஜெபமாலையையும் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். வழக்கமாக நான் உட்காருகிற நேரம் வந்ததும் துரை வந்தது, நின்றது, ஆளைப் பார்த்தது. இவர் மூச்சுகூட விடவில்லை, நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் புடவை வாசத்துக்கு ஏறி இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே, நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியபோது இருந்த அதே முகம், எங்கே கீழே போட்டுவிடுவோமோ என்று. அரை மணி நேரம் அப்படியே இருந்தார். பிறகு நான் சத்தமில்லாமல் போய்க் காதைத் துணியால் சூடாக்கிக் கொடுத்தேன், அவரேதான் குத்தினார், அவரேதான் கடிகாரத்தைப் பார்த்தார், அவரேதான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி வண்ணம் பார்த்தார். ஆறு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஆறுதான். பட்டையைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குக் கொன்னிருப்பேன் கேதரின், பிள்ளைகிட்ட என்னன்னு எழுதியிருப்பேன், என் கையாலேயே கொன்னுட்டேன்னு எழுதியிருப்பேனா என்றார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அது ஒன்னுதானே அவ விட்டுட்டுப் போனது என்றார். உன் மேல் இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டுதான் உனக்குக் கடிதத்தில் சுகம், வேறு விசேஷமில்லை என்று இரண்டு வரி எழுதுகிறார், புரிந்துகொள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கண்ணைத் துடைத்த கையோடு உன் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாத்தியா பாத்தியா, பயந்தா ஏறுதுல்ல, அப்ப எனக்கு மட்டும் என்ன, கிளினிக்ல அந்த நர்ஸ் அதட்டின அதட்டலுக்குத்தான் பதினாலு, இத முதல்ல ஜேனுக்கு எழுது, மாத்திர மாத்திரன்னு இனி அவ ஒரு வார்த்த எழுதக் கூடாது என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்டி வைத்ததில் பட்டை மூன்று மிச்சம் இருந்தது. சரி, இப்ப யாரும் உங்கள அதட்டல, வெயில்ல நடக்கல, மடியில பூன தூங்குது, கைய நீட்டுங்க என்றேன். எழுந்து ஓடப் பார்த்தார், எழுந்திருக்க முடியவில்லை, துரை மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது, அசைந்தால் விழித்துக்கொள்ளும். பூனையை எழுப்ப மனசில்லாமல்தான் கையை நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, குத்தியாச்சா, குத்தியாச்சா என்று குத்துவதற்கு முன்பே கேட்டார். ஒரு சொட்டு வைத்தேன். கடிகாரத்தை அவர் கையிலேயே கொடுத்திருந்தேன், அவர் நொடியை எண்ணினார், நான் பழக்கத்தில் மந்திரமும் சொன்னேன். துடைத்தேன், இன்னொரு நிமிடம். நிறம் ஏழைத் தாண்டியது. பதின்மூன்றைத் தாண்டியது. பதினேழைத் தாண்டி, இருபத்திரண்டு என்று போட்டிருக்கிற அந்தக் கருநீலத்தில் போய் நின்றது. துரை மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பயம் என்று சொல்லப் பயம் இல்லை, வெயில் என்று சொல்ல வெயில் இல்லை. அப்பா பட்டையைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், நீ மந்திரத்த மெதுவா சொல்லிட்டியோ கேதரின் என்று கேட்டார். கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது.

ஆமாங்க, கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லிட்டேன், எதுக்கும் நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ராத்திரி மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடித்தது யார் ஜேன். பெல்டில் ஆணியால் ஓட்டை போட்டது யார். இந்தக் கடிதத்திலேயே மேலே நான் எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்துப் பார், என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. பூனை எத்தனை கிண்ணம் குடித்தது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும், உன் அப்பா எத்தனை சொம்பு குடித்தார் என்று கேட்டால் தெரியாது. வாயில்லாத பிராணி என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் இருந்தும் சொல்லாத மனிதர் பக்கத்தில் படுத்திருந்தார்.

திங்கட்கிழமை. இதை முடித்துத் தபாலில் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும். ஷம்சுதீன் பாய் காலையில் ஊசி பழக்க வந்தார், விஷயத்தைச் சொன்னதும் அவர் புட்டியைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், வழியெல்லாம், ஒன்னும் இல்லலா கிராணி, எறும்பு கடிக்கிற மாதிரிதான், அஞ்சு வருசமா நான் போட்டுக்கலியா என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அப்போதும் இறங்காவிட்டால் இன்சுலின்தானாம். டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார், பாயே தன் கடைப் பையன்களிடம் கிராணிக்கு இனி பாலும் சீனியும் இல்லாத தேஓ கோசோங்தான், சீனி போட்டவன் கையை ஒடிப்பேன் என்று உத்தரவு போட்டுவிட்டார். அப்பா சத்தமே போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் சத்தம் போட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார், துரையும் ஏறிக்கொண்டது. காளியம்மா கருவாட்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள், இரண்டு நாளில் தண்ணீர் குடிப்பது குறைகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த மிருக டாக்டர் சொன்ன நாளில் துரையையும் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன், கூடையில் இல்லாமல் பாய் காரில்.

மகளே, இனி நான் சொல்வதைக் கேள். உடனே இன்னொரு புட்டி பட்டை அனுப்பு, அதன் மேல் அப்பா பேரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, முடிந்தால் உன் ஆஸ்பத்திரிச் சாப்பு ஒன்றும் குத்தி அனுப்பு, அப்போதுதான் மதிப்பார். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, திட்டாதே, அதட்டினால் ஏறிவிடும். இப்படித் தகப்பனுக்கு வந்தால் பிள்ளைக்கும் வரலாமாமே, அதனால் நீயும் உன் விரலில் ஒரு சொட்டுப் பார்த்துக்கொள், பார்த்துவிட்டு எனக்கு எண்ணை எழுது, சுகம் என்று மட்டும் எழுதாதே. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. சகாய மாதா உன்னை நடக்கிற வழியிலும் படுக்கிற இடத்திலும் காத்து, நல்ல உடம்போடு எங்கள் கண்முன் ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தட்டும். துரையின் காதில் குத்திய இடமெல்லாம் ஆறிவிட்டது. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அப்பாவும் எழுதுகிறேன் என்றார், என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது, ஒட்டுவதற்கு முன்னால் படிக்கவும் மாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கேதரின் ஹெர்பர்ட்

மகள் ஜேனுக்கு, துரைக்கு ஒன்றுமில்லை. என் மடியில்தான் தூங்குகிறது. நீ கவலைப்படாதே. முடிந்தால் இந்த வருஷம் வந்துவிட்டுப் போ.
அப்பா